லயத்து நாய் முதல் லாப்ரடார் வரை: சுங்கை சிப்புட் நாய் வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டத்தில் துரை பங்களா நாய்களைப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்தே என்னிடம் நாய்க் கேள்விகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது பங்களாவும் இல்லை, துரையும் இல்லை. கேள்விகள் மட்டும் குறையவில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருந்து வந்தவற்றில், எல்லாருக்கும் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (செம்பனை லாரி ஓட்டும் தம்பி): அண்ணே, ஈப்போவில் ஒருவர் "இது ஜெர்மன் ஷெப்பர்ட், அல்சேஷன் இல்லை, அதனால்தான் விலை கூட" என்கிறார். இரண்டும் வேறு வேறா? அல்சேஷனுக்கு ஓநாய் ரத்தம் உண்டு என்றும் சொல்கிறார்.

இரண்டும் ஒன்றுதான் தம்பி. கூடுதலாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி, ஒரு கண்காட்சியில் பார்த்த ஆட்டுக்கிடை நாயை வாங்கி, அதை முதல் நாயாகப் பதிவு செய்து இந்த இனத்தைத் தொடங்கினார். முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மன் என்ற சொல்லே பிரிட்டனில் ஆகாமல் போனதால் அங்கே அல்சேஷன் ஆக்கினார்கள். 1977இல்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பழைய பெயரைத் திரும்ப ஏற்றது. நம் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் கூப்பிட்ட பெயர் நம் வாயில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஓநாய்க் கதையை விடுங்கள். இது மேய்ச்சல் நாய். வேலி இல்லாத வயல் ஓரத்தில் ஆடு பயிரில் வாய் வைக்காதபடி நாள் முழுக்க முன்னும் பின்னும் நடந்து காவல் காப்பதுதான் இதன் பிறவித் தொழில். அதனால்தான் கேட்டுக்குள் கட்டிப் போட்டால் ஒரே தடத்தில் நடந்து நடந்து புல்லைத் தேய்த்துவிடும். வாங்கும்போது குட்டியைப் பார்ப்பதைவிடத் தாய் தகப்பன் நடப்பதைப் பாருங்கள். முதுகு பின்னால் சரிந்து, பின்னங்கால் தள்ளாடினால் திரும்பி வந்துவிடுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் வழிவழியாக வருவது.

கேள்வி (பால்வெட்டுக்குப் போகும் அக்கா): எங்கள் லயத்தில் ஒரு செவலை நாய், நான் விடியற்காலையில் வெட்டுக்குப் போனால் கூடவே வரும். எல்லாரும் "சாதி இல்லாத நாய்" என்கிறார்கள். இது என்ன கலப்பு?

கலப்பே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா அக்கா? குட்டை முடி, நிமிர்ந்த காது, சுருண்ட வால், வற்றிய வயிறு. ஆசியா முழுக்க ஊர் ஓரத்தில் வாழும் நாய்களின் உருவம் இதுதான். மனிதன் பார்த்துப் பார்த்து இணை சேர்க்காமல், தானாகவே நிலைத்த உருவம். ஓநாயிலிருந்து நாய் பிரிந்து குறைந்தது பதினைந்தாயிரம் ஆண்டு ஆகிறது. ஆனால் இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் இனங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில்தான் இப்போதைய வடிவத்துக்கு வந்தன. இங்கிலாந்தின் நியூகாஸல் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்ததே 1859இல்தான். கென்னல் கிளப் வந்தது 1873இல். அதற்குப் பிறகுதான் காது இப்படி இருக்கணும், நிறம் அப்படி இருக்கணும் என்று எழுதி வைத்து, ஒரு சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். பரம்பரை நோய்கள் கூடியதும் அதனால்தான். உங்கள் செவலையின் முன்னோர்களை யாரும் அப்படி அடைத்து வைக்கவில்லை.

சோறு போடுகிறோமே, தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். நாய் ஓநாய் மாதிரி வெறும் இறைச்சிப் பிராணி இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு நாய்களிடம் ஓநாயைவிடப் பல மடங்கு பிரதி எடுத்திருக்கிறது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சோறு போடலாம். ஆனால் வெறும் சோறும் குழம்பும் போதாது. மீனோ கோழியோ முட்டையோ சேருங்கள். வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் வேண்டாம், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இன்னொன்று, நம்மில் பலருக்கே தெரியாதது. மலேசியாவுக்கென்று ஓர் இனம் உண்டு, தெலோமியன். பகாங்கில் தெலோம் ஆற்றோரத்து ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள் வளர்த்த நாய். 1963இல் ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியுலகம் அதைக் கவனித்தது. வீடு மூங்கில் கால்களின் மேல் உயரத்தில் இருப்பதால் அந்த நாய்கள் ஏணியில் ஏறப் பழகியவை. முன்னங்காலால் பொருளைப் பிடிப்பதில் கெட்டி. பார்க்க எப்படி இருக்கும் என்கிறீர்களா? கிட்டத்தட்ட உங்கள் செவலை மாதிரிதான் இருக்கும்.

கேள்வி (தாமானில் குடியிருக்கும் தம்பி): ஹஸ்கி வாங்கலாம் என்று இருக்கிறேன் அண்ணே. ஹாலில் ஏர்கான் உண்டு.

வேண்டாம். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தை, கடுங்குளிரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அஞ்சல் ஓட்டமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அந்த மாதிரி நாய்கள்தான். ஓட வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. மத்தியான வெயிலில் ஓட்டவும் முடியாது, ஏர்கானில் உட்கார்ந்தால் சோபாவைக் கிழிக்கும். கரண்டு போன அன்றைக்கு என்ன செய்வீர்கள்? முடியை மழித்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். உள்முடி, மேல்முடி என்ற அந்த இரட்டை மயிர்தான் வெயிலையும் கொஞ்சம் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

கேள்வி (செம்பனைக்குள் மாடு மேய்க்கும் அண்ணன்): மாடு ஓட்ட பார்டர் கோலி நல்லதா? அப்புறம், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்காக நாய்க்கும் போடுகிறோம். பரவாயில்லையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அண்ணே, ஏனென்றால் இதில் நாய் செத்துப்போகலாம். மாட்டு ஊசி ஒரு சதவிகித மருந்து. ஐம்பது கிலோ உடம்புக்கு ஒரு மில்லி என்பது மாட்டுக் கணக்கு. பதினைந்து கிலோ நாய்க்கு "ஒரு மில்லிதானே" என்று ஏற்றினால், இதயப்புழு வராமல் தடுக்க நாய்க்குக் கொடுக்கும் அளவைப் போல நூறு மடங்கு உள்ளே போகிறது. சாதாரண நாய் தப்பிக்கலாம். கோலி வகையில் பல தப்பிக்காது. மூளைக்குள் மருந்து நுழையாமல் தடுக்கும் மரபணு ஒன்று பல கோலி நாய்களில் பழுதாக இருக்கிறது. நீண்ட முடிக் கோலிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஆகியவற்றிலும் உண்டு, ஜெர்மன் ஷெப்பர்டிலும் கொஞ்சம் உண்டு. முதலில் வாயில் நுரை தள்ளும், கண் பாப்பா விரியும், கால் பின்னும், அப்புறம் மயக்கம். உங்கள் நாய்க்கு முப்பாட்டன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே இதயப்புழு இருக்கும் நாய்க்கும் இந்த ஊசி ஆபத்து, நம் ஊர்க் கொசுவுக்கு அந்தப் புழு சாதாரணம். உண்ணிக்கு என்றே நாய்க்கு மாத்திரையும் கழுத்தில் விடும் மருந்தும் இருக்கின்றன. எடை பார்த்துக் கொடுங்கள்.

சரி, மாடு ஓட்டும் விஷயம். பார்டர் கோலி இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லையில் செம்மறிக்கென்று உருவான நாய். குனிந்து, முறைத்துப் பார்த்தே ஆட்டை நகர்த்தும். ஆடு பயப்படும். முறைக்கிற நாயை எருமை மாதிரி மாடு திரும்பி முட்ட வந்தால் பல பார்டர் கோலிகள் திணறும். மாட்டுக்கென்றே செய்த நாய் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமஸ் ஹால் என்ற பண்ணைக்காரர், பிரிட்டனிலிருந்து வந்த, மாடு ஓட்டும் நாய்களோடு ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவைச் சேர்த்து உண்டாக்கிய வழி அது. பின்னால் போய்க் குதிகாலைக் கடித்துவிட்டு, உதை வருவதற்குள் தரையோடு பதுங்கிவிடும். நம்பமாட்டீர்கள், படத்தில் அழகாகக் காட்டும் குட்டைக் கால் கோர்கியும் வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்டிய நாய்தான். உதை தலைக்கு மேலே போகட்டும் என்பதற்கு அந்த உயரம் வசதி.

ஆனால் என் யோசனையைக் கேட்டால், இவற்றில் எதையும் வாங்க வேண்டாம். கன்றோடு கன்றாகக் கட்டிப் பழக்கிய, அக்காவின் செவலை மாதிரியான கம்பத்து நாய்க்குட்டி, குலை அறுத்துப் போட்ட மட்டைகளுக்கு இடையில் மாட்டுக்குப் பின்னால் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்பது அந்த வேலைதானே?

கேள்வி (ஓய்வு பெற்ற தண்டல் ஐயா): இருபது நகம் உள்ள நாய் வீட்டுக்கு யோகம், கருநாக்கு நாய் கெட்டிக்காரக் காவல் என்பார்கள். முதுகில் சுழி இருந்தால் ஆகாது என்றும் கேள்விப்பட்டேன். உண்மை உண்டா தம்பி?

யோகத்தைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை ஐயா, நகத்தைப் பற்றிச் சொல்லலாம். சாதாரண நாய்க்கு முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, ஆகப் பதினெட்டு. பின்னங்காலிலும் உள்பக்கம் ஒரு தொங்கு நகம் வந்தால் இருபது. மரபணு மாறியதால் வரும் கூடுதல் விரல் அது. ஃபிரான்ஸ் நாட்டு மேய்ச்சல் நாயான போசெரோனுக்குப் பின்னங்காலில் இரட்டைத் தொங்கு நகம் இருந்தே ஆக வேண்டும் என்று இன விதியே வைத்திருக்கிறார்கள். நார்வேயில் பாறை ஏறிப் பறவை பிடித்த லுண்டஹுண்டுக்குக் காலுக்கு ஆறு விரல். உங்கள் நாயின் நகம் எலும்போடு சேராமல் தோலில் மட்டும் ஆடுகிறதா என்று பாருங்கள். அது தரையில் தேயாது, வளைந்து சதைக்குள் குத்தும். மாதம் ஒரு தடவை வெட்டிவிட்டால் போதும்.

கருநாக்கு என்றால் சீனாவின் சௌ சௌ. அதன் குட்டி பிறக்கும்போது நாக்கு இளஞ்சிவப்புதான், சில வாரத்தில் கருநீலம் ஏறும். சீனாவின் இன்னோர் இனமான ஷார்பேவுக்கும் அப்படியே. நம் லயத்து நாய்க்கு நாக்கில் கறுப்புத் திட்டு இருந்தால் அது வெறும் நிறமி. சௌ சௌ வழியென்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

சுழி சுவாரசியமானது. தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து நாய்களிலும் ஆப்பிரிக்காவின் ரொடீசியன் ரிட்ஜ்பேக்கிலும் முதுகெலும்பு நெடுக முடி எதிர்த்திசையில் வளரும், தோள்பட்டையில் சுழி இருக்கும். அவர்கள் அதைத்தான் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். ஆனால் உங்கள் பெரியவர்கள் பயந்ததில் ஒரு துளி நியாயமும் இருக்கிறது. அந்த முடிக்கோடு உள்ள நாய்களில் சிலவற்றுக்கு, தோலிலிருந்து முதுகெலும்பை நோக்கிப் போகும் ஒரு குழாய் பிறவியிலேயே இருக்கும். அதில் சீழ் பிடித்தால் ஆபத்து. குட்டியின் முதுகுத் தோலைத் தூக்கிப் பார்த்தால் நூல் மாதிரி கையில் தட்டும்.

கேள்வி (கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்): தாத்தா ஊர் ராஜபாளையம். அந்த நாயைக் கொண்டுவந்து வளர்க்க ஆசை.

ஆசை புரிகிறது. இந்திய அஞ்சல் துறை 2005இல் நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் வளர்த்தது. இங்கே யாராவது கறுப்பு மூக்கு வெள்ளை நாயைக் காட்டி ராஜபாளையம் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. நிறமி இல்லாத குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. வாங்குமுன் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைப் போட்டுப் பாருங்கள். கை தட்டினால் காற்று பட்டு எழுந்துவிடும், ஏமாந்து போவீர்கள்.

கொண்டுவருவதற்கு இறக்குமதி அனுமதி, தடுப்பூசி, தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி பரவிய நாடு இது, அதிகாரிகள் கறாராக இருப்பது சரிதான். கோயிலுக்குக் காவல் என்றால் இன்னொன்றும் யோசியுங்கள். ராஜபாளையம் ஒருவருக்குத்தான் அடங்கும், தினமும் புது முகங்கள் வரும் இடம் அதற்குச் சரிவராது.

சிப்பிப்பாறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது கண்ணால் பார்த்துத் துரத்தும் முயல் வேட்டை நாய். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற தங்கச்சி): வரிசையில் இரண்டு வீட்டில் திருட்டு. ரோட்வைலரா, டோபர்மேனா?

ரோட்வைலர் ஜெர்மனியின் ரோட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்களின் நாய். சந்தைக்கு மாடு ஓட்டியது, வண்டி இழுத்தது. மாட்டை ரயிலில் ஏற்றத் தொடங்கியதும் வேலை போய் இனமே அழியப் பார்த்தது, 1910 வாக்கில் போலீஸ் வேலை காப்பாற்றியது. டோபர்மேனை உண்டாக்கியவர் அப்போல்டா ஊரின் வரி வசூலிப்பவர். பணப்பையோடு திரியும்போது துணைக்கு ஒரு நாய் வேண்டுமென்று அவர் செய்தது அது. ஆளோடு ஒட்டிக்கொண்டே இருப்பதற்கென்று பிறந்த நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே டிவி பார்த்தால் அது கெட்டுப்போகும். இதய நோயும் ரத்தம் உறையாத கோளாறும் டோபர்மேனில் அதிகம்.

இரண்டுமே நம் நாட்டில் கட்டுப்பாடுள்ள இனங்கள். பிட்புல், அகிடா போன்றவற்றை இறக்குமதி செய்யவே தடை. லைசென்ஸ் பற்றி ஊராட்சி மன்றத்தில் முதலில் கேளுங்கள். திருடன் பயப்படுவது இனத்துக்கு இல்லை, சத்தத்துக்கு. இரண்டு கம்பத்து நாய், ஒரு நல்ல விளக்கு போதும் தங்கச்சி.

கேள்வி (தமிழ்ப்பள்ளி மாணவி): அங்கிள், டால்மேஷன் குட்டிக்கு ஏன் புள்ளி இல்லை?

பிறக்கும்போது வெள்ளைதான் பாப்பா, இரண்டு மூன்று வாரத்தில் புள்ளி எட்டிப் பார்க்கும். இதுவும் காது கேட்காத குட்டிகள் அதிகம் பிறக்கும் இனம். அதோடு இதன் சிறுநீரில் யூரிக் அமிலம் மற்ற நாய்களைவிடக் கூட, கல் வரும். தண்ணீர்க் கிண்ணம் காலியாகவே கூடாது, ஈரலும் போடக் கூடாது.

கேள்வி (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து ஆயா கொட்டகையில் வேலை செய்யும் அக்கா): எங்கள் லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் பசிக்குது என்று பார்க்கிறான். பாவமாக இருக்கிறது.

பாவம்தான், ஆனால் பட்டினி இல்லை. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி வலை இழுத்த நாய்களின் வாரிசு அவன். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதைச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தாலும் மூளைக்குச் செய்தி போகாது. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அழுத்தாமலே கையில் தட்ட வேண்டும். தட்டவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், பிள்ளைகள் மிச்சம் வைத்த ரொட்டியை யார் யார் ஊட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். ஆயா கொட்டகை என்றால் அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.