மைனஸும் மைனஸும்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இதை யூடியூப்ல இன்னும் ஈஸியா சொல்லித் தர்றாங்க" என்றான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, நல்ல பையன். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அப்படிப் படம் போட்டுக் காட்ட என்னால் முடியாது. இன்னொரு பக்கம், வருகைப் பதிவில் தொடங்கிச் சீருடை அளவு வரை எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது. பாடத்துக்கு வீடியோ, பதிவேற்றத்துக்கு நான் என்று ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மாணவன் சொன்னதற்காகக் கோபப்படாமல், வீட்டுக்குப் போய் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தீர்களே, முதலில் அதற்கு என் வணக்கம்.

நீங்கள் சொன்ன அதே பாடத்திலிருந்து தொடங்குகிறேன். போன மாதம் தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவள் மகனும் ஏழாவதுதான். முழுக்கள் வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு, நோட்டில் −3 − 4 = 7 என்று எழுதியிருந்தான். அடுத்த கணக்கு −5 − 2. அதற்கும் 7. செல்போனில் விடையைத் தட்டினால் 'தவறு' என்று சிவப்பில் வந்தது. மறுபடி வீடியோவைப் போட்டான். மறுபடியும் 7. எப்படிடா வந்தது என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் பிளஸ், மாமா" என்றான்.

பெருக்கலுக்கான விதியை இங்கே கொண்டுவந்துவிட்டான். வீடியோவில் தவறு எதுவும் இல்லை, பெருக்கும்போது என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அவன் மனதில் தங்கியது அந்த மூன்று சொல் மட்டும். "கடையில் 3 ரூபாய் கடன் வைத்திருக்கிறாய். மறுநாள் இன்னும் 4 ரூபாய் கடன். இப்போ உன் கையில் 7 ரூபாய் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல மாமா, 7 ரூபா தரணும்." 7-க்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டான். கீழே இருந்த கணக்குக்கும் நான் சொல்லாமலே போட்டான்.

எனக்கு இது பிடிபடக் கால் மணி நேரம் ஆனது. நீங்களாக இருந்தால் நோட்டைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எத்தனை பிள்ளைகள் இதே இடத்தில் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள்! பாடத்தை உங்களைவிட அழகாகச் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கட்டும். சொன்ன பாடம் ஒரு பிள்ளையின் தலைக்குள் போய் என்னவாகியிருக்கிறது என்று பார்க்க, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. 2019-லேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடும் 2018-லேயே வந்துவிட்டது. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் எந்த நிலையில் திரும்பி வந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதைச் சரிசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கினார்களே, அதில் என்ன செய்தார்கள்? தன்னார்வலர்களைத் திரட்டி, சாயங்காலம் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள்.

ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு எல்லோரும் சுகதா மித்ராவைக் காட்டுவார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்க, 1999-இல் டெல்லி கால்காஜியில் சேரிக்குப் பக்கத்துச் சுவரில் கணினியைப் பதித்துவைத்த கல்வி ஆராய்ச்சியாளர் அவர். அப்புறம் அவர் காளிக்குப்பம் என்ற ஊரில், நம் தமிழ்ப் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால், பூஜ்ஜியத்தில் இருந்தவர்கள் 30 சதவீதம் எடுத்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான, கணக்கு எழுதும் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணை அவர்களோடு இருக்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு உயிரித் தொழில்நுட்பம் தெரியாது. பாட்டி மாதிரி பின்னால் நின்று, "அட, இது எப்படி வந்தது? எனக்கும் சொல்லு" என்று கேட்டதுதான் வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50-ஐத் தொட்டது. ஓர் ஊரில் கொஞ்சம் பிள்ளைகளை வைத்துச் செய்ததிலிருந்து பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். இருந்தாலும், ஆசிரியர் தேவையில்லை என்று இதிலிருந்து எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. பாடம் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்றதற்கே அவ்வளவு என்றால், பாடமும் தெரிந்த நீங்கள் நின்றால்?

சாட்ஜிபிடி வந்த பிறகு கட்டுரையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று பெரிய வகுப்பு எடுக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். இப்போது அவர் நோட்டை வாங்கித் திருத்துவதோடு விடுவதில்லை. எழுதியவரை எழுப்பி, நோட்டை மூடச் சொல்லி, "மூன்றாவது பத்தியில் என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்கிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பதிவேற்ற வேலை பற்றி ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கோபம்தான் வருகிறது. பிள்ளையின் நோட்டைப் பார்க்கவேண்டிய கண்ணைத் திரையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனியே ஆள் போடுங்கள் என்று ஆசிரியர்கள் கேட்பது முழு நியாயம். விடாமல் கேளுங்கள்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவை வகுப்பிலேயே போடுங்கள். அவனையே போடச் சொல்லுங்கள். கரும்பலகைப் பக்கம் நிற்கவேண்டிய வேலை உங்களுக்கு மிச்சம், பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கலாம். முடிந்ததும் −3 − 4 என்று பலகையில் எழுதி, எல்லோரையும் நோட்டில் போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் 7 என்று எழுதினார்கள், அவன் என்ன எழுதினான் என்று எனக்கு எழுதுவீர்களா?