சிறுகண் வலையும் குளத்து நீர்மட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உபாலி அமரசிங்கவின் குளத்து மீன்வள ஆய்வுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சிறு கெண்டைகளைச் சிறுகண் வலையால் பிடிக்கலாம் என்று அதில் வருகிறது. வன்னியில் எங்கள் வவுனிக்குளத்தில் அந்த வலை போடுபவர்களோடு எங்கள் சங்கம் ஓயாமல் சண்டை பிடிக்கிறது. ஆய்வாளரே வழி திறந்துவிட்டால் நாங்கள் என்ன சொல்லித் தடுப்பது?

வாசகர், பாண்டியன்குளம்

அன்பின் தம்பிக்கு,

உங்கள் சங்கத்தின் சண்டை நியாயமானது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனை நம்பித்தான் குளத்து மீனவர்களின் அடுப்பு எரிகிறது. அதன் குஞ்சுகளைக் காக்கவே 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை தடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், அந்த ஆய்வுகள் தடையை நீக்கச் சொல்லவில்லை. சிறு கெண்டை எத்தனை காலம் விட்டாலும் பெரிய கண்ணில் சிக்கும் அளவுக்கு வளராது. திலாப்பியாக் குஞ்சுகளோ கரையோரத்து ஆழங்குறைந்த நீரிலேயே வளர்கின்றன. ஆகவே குளத்தின் ஆழமான பகுதியில் மட்டும் சிறுகண் வலை விட்டால், குஞ்சுகளுக்குப் பெரிய சேதமின்றி, இதுவரை பிடிபடாதிருந்த மலிவான மீன் கிடைக்கும் என்பதே அவற்றின் முடிவு.

வன்னியில் நாம் பார்க்க வேண்டியது அந்த 'ஆழமான பகுதி' என்ற சொல்லைத்தான். சிறுபோக நெற்செய்கைக்குத் துருசு, அதாவது குளத்து மதகு, திறந்தபின், ஓர் ஆவணி மாதத்தில் வவுனிக்குளத்து அலைகரையில் நடந்தேன். ஆண் திலாப்பியாக்கள் வாயால் தோண்டிய முட்டைக்குழிகள், சோற்றுத் தட்டுகளைக் கவிழ்த்துப் பதித்தாற்போல, வெடித்த சேற்றில் வரிசையாகக் காய்ந்து கிடந்தன. சித்திரையில் குஞ்சுகளுக்குப் புகலிடமாயிருந்த ஓரம் அப்போது மாடு மேயும் தரையாகிவிட்டது. எஞ்சிய நீரில் குஞ்சும் கெண்டையும் வளர்ந்த மீனும் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. அந்த வேளையில் விடப்படும் சிறுகண் வலை எங்கே விழுந்தாலும் குஞ்சுகளின் மேல்தான் விழும். அதனால், இடத்தை மட்டும் சொல்லி அனுமதிப்பது நம் குளங்களுக்குப் போதாது என்பதே என் உறுதியான எண்ணம். அனுமதி நீர்மட்டத்தோடு கட்டப்பட வேண்டும்.

எத்தனை அடிக்குக் கீழே இறங்கினால் அந்த வலைகள் கரையேற வேண்டும் என்பதை உங்கள் சங்கத்து மூத்தவர்களே கண்டறியலாம். துருசடி அளவுகோலின் கணக்கையும் அன்றைய வலையில் விழுந்த திலாப்பியாக் குஞ்சுகளின் எண்ணிக்கையையும் ஒரே கொப்பியில் இரண்டு சிறுபோகங்களுக்கு எழுதி வையுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போங்கள். நீர் திறக்கும் நாளைக் கமக்காரரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்; மீனவருக்கும் அங்கே ஓர் இருக்கை வேண்டும்.