கடிதம்: கல்யாணம் ஆகாதவர் என்ற ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஆர்லியன்ஸின் மஞ்சள் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரை வாசித்தேன். சாக்கடைத் திட்டத்துக்காகப் போராடிய கேட் கார்டனைப் பற்றி ‘கல்யாணம் ஆகாதவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அமெரிக்கத் தெற்கில், 1900 வாக்கில், அப்படிப்பட்ட பெண் அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்திருப்பாள் என்றல்லவா நினைத்திருந்தேன்?

ர.

அன்புள்ள ர.,

ஒண்டிக் கிடந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் அங்கே குடும்பச் சொத்தின் ‘தலைவனும் எஜமானனும்’ கணவன்தான். அவன் சம்மதமில்லாமல் மனைவி ஒப்பந்தம் போடமுடியாது. கல்யாணம் ஆகாதவளோ 21 வயதானால் தன் சொத்தைத் தானே விற்கலாம், வழக்குத் தொடுக்கலாம். ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, சரி. ஆனால் அவள் கையெழுத்து செல்லும்.

1898இல் வந்த மாநில அரசியல் சட்டம், வரி கட்டும் பெண்கள் வரி சம்பந்தமான தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்றது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் வேறொருவர் மூலம் போடலாம். அடுத்த வருடமே கழிவுநீர், குடிநீர், வடிகால் வேலைகளுக்கான வரி வாக்கெடுப்புக்கு வந்தது. கேட் கார்டன் வீடு வீடாகப் போய், வாக்குச்சாவடிக்கு வரத் தயங்கிய பெண்களிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கினார். பெண்ணின் சாட்சிக் கையெழுத்து செல்லாது என்பதால் அதற்கு ஆண்களைக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். திட்டம் நிறைவேறியது.

அவருடைய தங்கை ஜீனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகரத்தின் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து, குழந்தைத் தொழிலாளர்களுக்காகப் போராடினார்.

இருவரும் வசதியான வீட்டுப் பெண்கள். நீங்கள் கேட்பதற்கு இன்னும் நெருக்கமானவர் சோஃபி ரைட். மூன்று வயதில் விழுந்து முதுகும் இடுப்பும் கெட்டு, வாழ்நாள் முழுக்க உலோகக் கட்டு அணிந்தவர். நொடித்துப்போன குடும்பம். பதின்வயதிலேயே பள்ளி தொடங்கிச் சம்பாதித்தார். வேலையில்லாமல் ஊரில் மாட்டிக்கொண்ட சர்க்கஸ்காரன் ஒருவன், அரசுத் தேர்வுக்குப் படிக்கவேண்டும், கொடுக்கப் பணமில்லை என்று வந்து நின்றான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, பகலில் உழைக்கும் ஆண்களுக்கும் பையன்களுக்குமான இலவச இரவுப் பள்ளியாக வளர்ந்தது. பகல் பள்ளியின் கட்டணம்தான் அதைத் தாங்கியது, கடனும் ஏறியது. ஊருக்குச் சேவை செய்தவர்களுக்கு ‘பிக்கயூன்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை தந்த கோப்பை, 1903ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 46 வயதில் இறந்துவிட்டார். இந்த வாழ்க்கையில் என்னால் பரிதாபத்தைப் பார்க்க முடியவில்லை. களைப்பைப் பார்க்கிறேன், அதைவிடப் பிடிவாதத்தை.

ஆனால் இதை இங்கேயே நிறுத்தினால் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாக ஆகும். வரி கட்டும் பெண்ணுக்கு வாக்கைத் தந்த அதே 1898 சட்டம்தான் படிப்பு, சொத்து, ‘தாத்தா வாக்களித்தாரா’ என்ற நிபந்தனைகளைப் போட்டுக் கறுப்பின ஆண்களின் வாக்கைப் பறித்தது. சோஃபி ரைட்டின் இரவுப் பள்ளியும் வெள்ளையருக்குத்தான். கார்டன் சகோதரிகள் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தத்தையே எதிர்த்தார்கள். மாநிலங்கள் தாமாகத் தரட்டும் என்றார்கள். கறுப்பினப் பெண்களுக்கும் வாக்குச் சீட்டு போய்ச் சேரக்கூடாது என்பதே அதன் உள்நோக்கம். கேட் கார்டன்மீது எனக்கு இருக்கும் மதிப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

1900இல் நகரப் பள்ளி வாரியம் கறுப்பினக் குழந்தைகளின் அரசுப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு வெட்டியது. அந்தக் குழந்தைகளில் ஒருத்தி வளர்ந்து தனியாக நின்றால், பெரும்பாலும் சலவையும் பிறர் வீட்டுச் சமையலும்தான் கிடைத்தன. அவளும் கல்யாணம் ஆகாதவள், அவள் கையெழுத்தும் சட்டப்படி செல்லும். ஆனால் கையெழுத்துப் போட அவளிடம் சொத்து இல்லை. அடுத்த கட்டுரையை அவளைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்