நம்பிக்கையைச் சொன்னாலே கேலி செய்யும் இடத்தில் கிறிஸ்தவனாக எப்படி நிலைத்திருப்பது?

ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள், பேசாமல் மறைத்துக்கொண்டு இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கத்தோலிக்கன், சென்னையில் வேலை. இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் டீமே பிரியாணிக்குக் கிளம்பும்போது நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தால், "சாப்பிட்டா ஏசப்பா கோவிச்சுக்குவாரா?" என்று ஒரு குரல் கண்டிப்பாக வரும். சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன். இதையெல்லாம் விசுவாசத்துக்காகப் பட்ட பாடு என்று சொன்னால் எங்கள் ஊர் தேவசகாயம் சிரிப்பார்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன்தான் அவர். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனித் தளபதி டி லனாய் மூலம் கிறிஸ்தவ வேதத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-இல் கைது. செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

கைதுக்கு அரசியல்தான் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அது இருக்கட்டும். சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று அவர் பேசினார், அப்படியே பழகவும் செய்தார். 'நான் கும்பிடும் சாமி வேறு' என்பதோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அதனால், உங்களை எதற்காகப் பிடிக்கவில்லை என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் யாரும் கேட்காமலே பிரசங்கம், டீம் வாட்ஸப் குரூப்பில் விடிந்ததும் வசனம்: இதற்கு வரும் கடுப்பை விசுவாசத்துக்கு வந்த எதிர்ப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

அப்புறம், எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை. அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கட்டிய மாதாகோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் இருந்தது. 1910-இல் கௌசானல் சாமியார் அதை இடித்தபோது கோர்ட்டுக்குப் போனவர்கள் கிறிஸ்தவர்கள்தான். எனக்குப் பெண் பார்த்தபோது சாதி பார்க்க வேண்டாம் என்றேன். முகம் சுளித்தவர்கள் ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் முழங்கால் போடுகிறவர்கள். ஆபீஸ் கேலி எவ்வளவோ தேவலை.

தேவசகாயத்தைத் தனியாளாகவே படம் போடுகிறோம். ஆனால் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். டி லனாய் இருந்தார். உங்களுக்கும் ஒருவராவது வேண்டும். கூடவே சேர்ந்து புலம்புகிறவர் உதவ மாட்டார். பக்கத்து டீமில் எனக்கு ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) அண்ணன் உண்டு. நான் பொருமிக்கொண்டு போனால், டீயை ஆற்றிக்கொண்டே, "ஜெபம் பண்ணியா, இல்ல சண்டைதான் போட்டியா?" என்று கேட்பார். பல நாள் என்னிடம் பதில் இருக்காது.