கிறிஸ்தவக் கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி படித்தால் ஜெபம் கட்டாயமா? படிப்பிலும் வித்தியாசம் இருக்குமா?

நான் இந்து. நோயோ காயமோ வந்தவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. அதை நான் படித்தது ஒரு மிஷன் கல்லூரியில். காலையில் பத்து நிமிஷம் ஜெபம் நடக்கும், நானும் உட்கார்ந்திருப்பேன். மதம் மாறச் சொல்லி யாரும் என்னிடம் பேசியதில்லை. உடற்கூறியல், நரம்பியல், மனநலம், ஸ்பிளின்ட் (கை, விரல்களைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) செய்வது என்று பாடங்களும் மற்றக் கல்லூரிகளில் உள்ளவைதான்.

முதன்முதலில் வார்டுக்குப் போனபோது, பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் ஒற்றைக் கையால் சட்டைப் பட்டனோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பாவமாக இருக்கவே, நான் போட்டுவிட்டேன். மேடம் தனியே கூப்பிட்டு, "அவருக்கு இன்னைக்கு இருந்த ஒரே வேலையை நீ பிடுங்கிட்டியே" என்றார். ஞாயிறு பள்ளியில் வளர்ந்த என் ரூம்மேட் பாடு இன்னும் மோசம். நோயாளி கையில் ஸ்பூன் ஆடினாலே ஓடிப்போய் ஊட்டிவிடுவாள். வேலூர் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) குறிக்கோளே, ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்ய என்ற மாற்கு சுவிசேஷ வசனம்தான். ஆனால் எங்கள் தொழிலில் பாதி ஊழியம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது!

இதை எனக்குப் புரியவைத்தது அதே வேலூரின் கதை. 1946இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியானதும் புதுத் தலைவலி. கைதான் நன்றாக இருக்கிறதே என்று சிலருக்குப் பிச்சைகூடக் கிடைக்கவில்லை, வேலை கொடுக்கவும் ஆளில்லை. அதனால் 'நவ ஜீவ நிலையம்' தொடங்கித் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற விரல் சுத்தியல் பிடியிலும் சூடான பாத்திரத்திலும் எப்படிப் புண்ணாகிறது என்று கூடவே இருந்து கவனித்தார்கள். கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது என்ற கேள்விதானே ஓ.டி.!

அப்புறம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானவரும் அவர்தான்.

சரி, கட்டாயமா என்று கேட்டீர்களே. அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹாஸ்டல் விதிகளையும், சேர்க்கைக்குச் சபையின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, வளாகத்திலேயே நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதை.