மாப்பிள்ளையின் 0.04 சதவீதம்

அன்புள்ள ஐயா,

நான் தென்காசியில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெயிலைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். வந்தது வினை. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாப்பிள்ளை, வரிசையாக ஏழெட்டு வீடியோக்களை இறக்கிவிட்டார்.

அவர் சொல்வதன் சுருக்கம் இது. காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம்தான், அதுவா பூமியைச் சூடாக்கும்? சூரியனும் எரிமலையும் செய்வதை மனிதன் தலையில் கட்டுகிறார்கள். 2035இல் இமயமலைப் பனி காணாமல் போகும் என்று ஐ.நா. குழு சொல்லி, பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டது. மாற்றுக் கருத்து உள்ளவர்களைப் பேசவே விடுவதில்லை. எல்லாம் இந்தியா வளராமல் தடுக்க மேற்கு நாடுகள் போடும் திட்டம்.

மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசவும் சங்கடம், பேச விஷயமும் எனக்குப் போதாது. இமயமலைச் சமாச்சாரத்தை மட்டும் தேடிப் பார்த்தேன். உண்மைதான் என்று தெரிந்ததும் எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது. இதில் நிஜமாகவே இரண்டு தரப்பு உண்டா?

எஸ். ஆர்., தென்காசி

—

அன்புள்ள எஸ். ஆர்.,

மாமனார் மருமகன் மனஸ்தாபத்துக்குத் திரி கொளுத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆகவே மாப்பிள்ளை சரியாகச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இமயமலைக் கதை நடந்ததுதான். நீங்கள் சொல்லும் ஐ.நா. காலநிலைக் குழுவின் பெயர் ஐ.பி.சி.சி. 2007இல் வந்த அதன் அறிக்கையின் இரண்டாம் பகுதியில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் வெட்கக்கேடு. 1999இல் ஓர் ஆங்கில அறிவியல் வார இதழுக்கு இந்தியப் பனியியலாளர் ஒருவர் கொடுத்த பேட்டி. அதை 2005இல் உலக இயற்கை நிதியத்தின் அறிக்கை எடுத்துப் போட்டது. அதிலிருந்து ஐ.பி.சி.சி. எடுத்துக்கொண்டது. எவரும் மூலத்தைச் சரிபார்க்கவில்லை. 2009 நவம்பரில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பொறுப்பில் இருந்த வி.கே. ரெய்னா எழுதிய அறிக்கையை வெளியிட்டது. இமயமலைப் பனியாறுகள் அசாதாரணமாக உருகுவதற்குச் சான்றில்லை என்றார் அவர். ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று கேலி செய்தார். இரண்டே மாதம். 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. அந்த வரிக்காக வருத்தம் தெரிவித்தது. பச்சௌரியின் அந்தக் கேலியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பல ஆயிரம் பேரின் உழைப்புக்கு அந்த ஒரு வாய்த்துடுக்கு செய்த சேதம் பெரிது.

ஆனால் அந்தப் பிழையைப் பிடித்தது யார்? யூடியூப் ஆட்கள் அல்ல, பனியியலாளர்கள். ஆஸ்திரியாவின் கேயார்க் காசர் அறிக்கை அச்சாகும் முன்பே எச்சரித்ததாகச் சொன்னார். சரி, ரெய்னா சொன்னதாவது நின்றதா? அதுவும் நிற்கவில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பின்னாளில் பொதுவெளிக்கு வந்தன. எவனோ எவனையோ வேவு பார்க்க எடுத்த படத்தில் இமயமலையும் விழுந்திருந்தது! அவற்றை வைத்து சுமார் 650 பனியாறுகளின் உயரத்தைக் கணக்கிட்டு 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 1975 முதல் 2000 வரை கரைந்த வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் 2000க்குப் பிறகு அவை கரைகின்றன. 2035 என்பது அபத்தம். உருகல் அபத்தமல்ல. உங்கள் மாப்பிள்ளைக்கு வந்த வீடியோ 2010 ஜனவரியோடு நின்றுவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது 0.04. துணி அலசும்போது ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விடுவோம். வாளியில் அதன் சதவீதம் என்ன என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. வாளி முழுக்க நீலமாகிவிடுகிறது. தண்ணீர் ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது, நீலம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காற்றிலும் இதே கதை. 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. கரியமில வாயு, நீராவி போன்றவைதான் பிடிக்கின்றன. இதை 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்தே ஊகித்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து ஜான் டிண்டல் ஆய்வகத்தில் கருவி வைத்து அளக்கத் தொடங்கினார்.

நம்மாள் ஒருவரையும் சொல்ல வேண்டும். வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பிறகு அமெரிக்கா போய் 1975இல், அந்தக் கசியும் வாயுவின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் சுமார் 10,000 மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடிக்கும் என்று காட்டினார். அந்த வாயு காற்றில் நூறு கோடியில் ஒன்று என்ற அளவுகூட இல்லை. 0.04 அதன் பக்கத்தில் குபேரன். தவிர, அந்த 0.04ம் இயற்கை கொடுத்ததல்ல. தொழிற்புரட்சிக்கு முன்னால் அது 0.028. மிச்சம் நாம் சேர்த்தது.

‘நாம் சேர்த்தது என்று எப்படித் தெரியும்?’ மாப்பிள்ளை உடனே இதைத்தான் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். அந்தக் காலக்கணக்குக்கு ஆதாரம் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் வகை. உயிருள்ள மரத்தில் அது இருக்கும். மரம் செத்தபின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 துளியும் மிஞ்சாது. அவற்றை எரித்துக் காற்றில் விட்டால் காற்றிலிருக்கும் கார்பன்-14 நீர்த்துப்போக வேண்டும். 1950களில் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் புதிய மரங்களின் கட்டையையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டையையும் ஒப்பிட்டார். நீர்த்துத்தான் இருந்தது. (பிறகு அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14ஐக் கண்டபடி கூட்டிவிட்டதால் கணக்கு சிக்கலானது. அது வேறு கதை.)

எரிமலைக் கார்பனும் பழையதுதானே, அதிலும் கார்பன்-14 இருக்காதே? சரி. அங்கே கார்பன்-13 என்ற சற்றுக் கனமான வகை வந்து சாட்சி சொல்கிறது. செடிகொடிகளுக்குக் கார்பன்-13 அவ்வளவு ருசிக்காது, இலேசான கார்பன்-12ஐத்தான் விரும்பி எடுக்கும். ஆகவே செடியிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. எரிமலைப் புகையில் அப்படி இல்லை. காற்றில் கார்பன்-13இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவது சாட்சி ஆக்ஸிஜன். எரித்தால் ஆக்ஸிஜன் செலவாகும், எரிமலை உமிழ்ந்தால் ஆகாது. காற்றில் ஆக்ஸிஜன் மிக மெல்லக் குறைகிறது, மூச்சுக்குப் பயப்படும் அளவுக்கு அல்ல. ரால்ஃப் கீலிங் அதை அளந்தார். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்த சார்லஸ் கீலிங்கின் மகன். அப்பா ஒரு வாயு ஏறுவதை அளந்தார், மகன் இன்னொன்று இறங்குவதை.

ஆக, சேர்ந்த கார்பன் பழையது, செடியிலிருந்து வந்தது, எரிக்கப்பட்டது. கீழடிக் கரித்துண்டை நம்புகிறவர் இதை மட்டும் சந்தேகிப்பதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சூரியனுக்கு ஒரு பத்தி போதும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குவதைத் தவிர ஏறுமுகம் எதுவும் இல்லை. மேலும் சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் அடியிலிருந்து நுனிவரை சூடாக வேண்டும். இங்கே கீழே சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. அதன் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் குறைவுக்கும் பங்குண்டு என்றாலும் மேலே செல்லச்செல்லக் கரியமில வாயுவின் கைதான். இப்படித்தான் ஆகும் என்று காலநிலை விஞ்ஞானி மனாபே 1967இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 2021இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இனி, ‘பேசவே விடுவதில்லை’ என்ற புகார். வரலாறு இதற்கு நேர்மாறு. 1896இல் ஸ்வீடனின் அர்ரேனியஸ், கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். நாலே வருடத்தில் நட் ஆங்ஸ்ட்ரோம் ஒரு குழாயில் வாயுவை நிரப்பிச் சோதித்துவிட்டு, இருக்கிற வாயுவே பிடிக்க வேண்டிய கதிரையெல்லாம் பிடித்துவிடுகிறது, இன்னும் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்றார். அறிவியல் உலகம் ஆங்ஸ்ட்ரோம் பக்கம் போனது. ஏறக்குறைய ஐம்பது வருடம் மறுப்பாளர்களின் ஆட்சிதான். 1938இல் நீராவிப் பொறியாளர் கேலண்டர், உலகம் சூடாகிறது என்று வெப்பமானிப் பதிவுகளோடு வந்தபோது லண்டன் வானிலை அறிஞர்கள் மரியாதையாகக் கேட்டு, நம்பாமல் அனுப்பிவைத்தார்கள்.

ஆங்ஸ்ட்ரோம் எங்கே தவறினார்? வெப்பம் ஒரே தாவலில் விண்வெளிக்குப் போவதில்லை. ஒவ்வோர் அடுக்காக விழுங்கப்பட்டு, உமிழப்பட்டு மேலே போகிறது. கடைசியில் எந்த உயரத்திலிருந்து தப்பிக்கிறது என்பதுதான் கேள்வி. வாயு கூடினால் அந்த உயரமும் கூடும். மேலே குளிர் அதிகம், குளிர்ந்த இடத்திலிருந்து கிளம்பும் வெப்பம் குறைவு. போகாத வெப்பம் கீழே தங்கும். மேலடுக்குக் காற்றை அளக்கும் கருவிகளும் கணினியும் வந்த 1950களில்தான் இது தெளிவானது. அதாவது, விவாதம் நடந்தது. சிறுபான்மையாக இருந்த தரப்பு அளவீட்டைக் காட்டி ஜெயித்தது.

நேர்மையான சந்தேகக்காரர் எப்படி இருப்பார் என்று மாப்பிள்ளைக்குக் காட்ட ரிச்சர்ட் முல்லரைச் சொல்லுங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். வெப்பநிலைப் பதிவுகளில் கோளாறு என்று சந்தேகப்பட்டவர். வீடியோ போடவில்லை, குழு சேர்த்துப் பதிவுகளையெல்லாம் முதலிலிருந்து கணக்கிட்டார். நிலக்கரி, எண்ணெய்ப் பணக்காரரான கோக்கின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. 2012இல் முடிவை எழுதினார்: 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, ஏறக்குறைய முழுக்காரணமும் மனிதன். அவர் முடிவு எதுவானாலும் ஏற்பேன் என்று முன்கூட்டியே எழுதிய பிரபல மறுப்பாளர் ஒருவர், முடிவு வந்ததும் பின்வாங்கிவிட்டார்.

எதிர்ப்பக்கம் இருந்தும் ஒன்று. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மேடைக்கு மேடை காலநிலை மாற்றம் என்றார்கள். ஏரியையும் ஓடையையும் விழுங்கியவர்களுக்கு அது எவ்வளவு வசதியான பதில்! ஆனால் அந்த மழையை ஆராய்ந்த காலநிலை விஞ்ஞானிகள், புவி வெப்பமாதலின் தடம் இதில் தென்படவில்லை என்று எழுதினார்கள். தங்கள் கட்சிக்குச் சாதகமாகச் சொல்ல நல்ல சந்தர்ப்பம், சொல்லவில்லை. உண்மையான விவாதங்கள் இப்படிப்பட்ட இடங்களில் உண்டு. மேகங்கள் என்ன செய்யும், வாயு இரண்டு மடங்கானால் 2.5 டிகிரியா 4 டிகிரியா, நம் மழை எப்படி மாறும். காரணம் யார் என்பதில் இல்லை.

மேற்கின் சதி என்பதில் பாதி எனக்கும் சம்மதம், வேறு விதத்தில். இதுவரை எரித்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவின் பங்கு சுமார் 3 சதவீதம். 1991இலேயே டெல்லியில் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை உழவனின் நெல்வயலும் மாடும் விடும் மீத்தேன் வாயுவையும் சொகுசுக்கு ஓட்டும் காரின் புகையையும் ஒரே தட்டில் வைக்காதே என்று சண்டை போட்டார்கள். அவர்கள் அறிவியலை மறுக்கவில்லை, பில்லை யார் தலையில் கட்டுகிறாய் என்று கேட்டார்கள். வெப்பமாதலே பொய் என்றால் அந்தப் பில்லைக் கேட்கும் உரிமையும் நமக்குப் போய்விடும். இன்னொன்று, அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977இலேயே தன் மேலாளர்களிடம் இந்த ஆபத்தை விளக்கியிருக்கிறார். தெரிந்துகொண்டே அந்த நிறுவனம் பல ஆண்டு சந்தேகத்தை வளர்க்கச் செலவழித்தது. மேற்கின் சதி என்று ஒன்று தேடினால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இது.

குழுவில் இதையெல்லாம் மொத்தமாக ஒட்டிவிடாதீர்கள், மகள் உங்களைக் கோபித்துக்கொள்வார். பொங்கலுக்கு மாப்பிள்ளை வரும்போது மொட்டைமாடியில் பாய் போட்டு உட்காருங்கள். வானம் தெளிந்திருந்தால் பனி கொட்டி எழுப்பிவிடும், மேகம் மூடியிருந்தால் அது வெப்பத்தைப் பிடித்துக்கொள்வதால் அவ்வளவு குளிர் தெரியாது. இரண்டு இரவு கிடைத்தால் வித்தியாசத்தை அவரே சொல்வார். அப்போது மெதுவாக ஒன்று கேளுங்கள்: என்ன சான்று வந்தால் நீங்கள் மனம் மாறுவீர்கள், மாப்பிள்ளை? அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அவர் வார்த்தையிலேயே இங்கே போடுகிறேன்.

அன்புடன்.