இரண்டு குரல்களின் கணக்கு

அன்புள்ள அண்ணா,
இலங்கை மலையகத்தில், அட்டனில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறேன். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் பாடல்களைப் போட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா, நாங்களே பாடிடுவோமே" என்றார்கள். இத்தனை குறைவான சுரங்களில் எழுதுபவரை ஏன் கொண்டாடுகிறார்கள்?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிக்கலாக எழுதத் தெரியாதவர் அல்ல பார்ட். 1935இல் எஸ்டோனியாவில் பிறந்தவர். 1960இல் பன்னிரு சுர முறையில், அதாவது பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக்கி அதன்படியே எழுதும் சிக்கலான முறையில், 'நெக்ரோலாக்' எழுதி, சோவியத் அதிகாரிகளின் கண்டனத்தை வாங்கினார். 1968இல் 'கிரெடோ'வில் கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன் என்று வெளிப்படையாகப் பாடவைத்தார். பெரிய பிரச்சினையாகி, அதை மறுபடி மேடையேற்ற விடவில்லை.

அதற்கடுத்த எட்டு ஆண்டுகளைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேடைக்கு மிகக் கொஞ்சமே எழுதினார். கிரிகோரியன் பாடல்கள் என்னும் பழைய ஒற்றைக்குரல் தேவாலயப் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் உட்கார்ந்து படித்தார். ஒற்றை மெட்டுகளாக எழுதி நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். 1976இல் 'ஃப்யூர் அலினா' என்ற சின்னப் பியானோ இசை வந்தது. அதில் ஒரு குரல், அதாவது ஒரு மெட்டு வரி, படிப்படியாக ஏறி இறங்கும். மற்றது ச, க, ப போல மூன்றே சுரங்களைத் தொடும். எது எதோடு சேர வேண்டும் என்பதற்கு விதி உண்டு. அந்த விதியை அவர் ஒரே இடத்தில் மீறுகிறார், அங்கே சுரக்குறிப்பில் ஒரு பூவை வரைந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அந்தப் பூவால்தான்.

சரி, பாடிப் பாருங்கள். 'டா பாச்செம் டோமினே' நான்கு குரல்களுக்கானது. எங்கள் நாட்களில் சமாதானம் தாரும் என்ற பழைய லத்தீன் ஜெபம். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு நாளில் எழுதத் தொடங்கினார். ஆர்மோனியத்தை மூடிவிட்டு, முதலில் இரண்டு குரல்களை மட்டும் சேருங்கள். தோட்டத்துக் காமன் கூத்தில் தப்புப் பறையின் சத்தத்துக்கு மேலே எழும்பப் பாடிப் பழகிய குரல்கள் இதில் திணறும். மூச்சை நீட்டி, மெல்ல, ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். சுரம் நூலளவு விலகினாலும் மறைக்க இடமில்லை. 'இவ்வளவுதானா' என்ற கேள்வியை அப்போது பிள்ளைகளே விட்டுவிடுவார்கள்.

தமிழ் வரிகளை மட்டும் இதில் பொருத்த வேண்டாம். பார்ட் பெரும்பாலும் சொல்லின் அசையையும் அழுத்தத்தையும் எண்ணித்தான் மெட்டைக் கட்டுகிறார். மொழியை மாற்றினால் கட்டு குலையும். தமிழில் வேண்டுமென்றால், அதே விதியை வைத்து வேதாகமத்துச் சங்கீதப் புத்தகத்தின் ஒரு வசனத்துக்கு நீங்களே புதிதாக எழுதுங்கள். பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள், தங்கச்சி.